டார்ட்டன் ஆலையின் முதலாளி வெளிநாட்டவர் என்றால் துணி அசல்தானா?

ஸ்காட்லாந்தில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் டார்ட்டன் என்ற பலநிறக் கட்டத் துணியை நெய்யும் ஓர் ஆலை வெளிநாட்டுக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தத் துணி இனியும் அசல்தானா, ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடைக்கான துணிக்கு அங்கே ஆர்டர் கொடுக்கலாமா, ஆலை நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குப் பதில் எளிது: ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊரில் உள்ள தறியில் நெய்த துணி, பங்குப் பத்திரம் தென்கொரியாவின் சியோலில் இருந்தாலும் ஸ்காட்லாந்துத் துணிதான். இரண்டாவதற்குத் துணியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு ஆலையின் கணக்கைப் படிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, செலவும் இல்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டார்ட்டனுக்கு இடத்தோடு கட்டிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. 2008-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் டார்ட்டன் பதிவேட்டுச் சட்டத்தை இயற்றியது. 2009 பிப்ரவரியில் பதிவேடு திறக்கப்பட்டது. அதில் பதிவாவது கட்டத்தின் வடிவம் மட்டுமே, அதாவது எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம், ஒவ்வொன்றிலும் எத்தனை இழை என்ற வரிசை. எந்த நாட்டவரும் ஒரு புது வடிவத்தைப் பதியலாம். பதிந்துவிட்டதால் பதிப்புரிமையோ வணிகச் சின்ன உரிமையோ கிடைத்துவிடாது. அந்த வடிவத்தை எங்கே நெய்ய வேண்டும், எந்த இழையில் நெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவே இல்லை. ராயல் ஸ்டூவர்ட் என்ற புகழ்பெற்ற டார்ட்டன் கட்டத்தை எந்த நாட்டிலும் அக்ரிலிக் நூலில் நெய்து விற்கலாம், தவறில்லை. அதை ஸ்காட்லாந்தில் நெய்ததாகச் சொல்லி விற்றால்தான் நுகர்வோரை ஏமாற்றிய குற்றம்.

ஹாரிஸ் ட்வீட் என்ற ஸ்காட்லாந்துத் தீவுக் கம்பளித் துணியின் நிலை இதற்கு நேர் எதிர். 1993-ஆம் ஆண்டின் ஹாரிஸ் ட்வீட் சட்டப்படி, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளி நூலை, அந்தத் தீவுவாசிகள் தங்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்து, அங்கேயே ஃபினிஷிங் முடித்திருந்தால்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை அதற்குத்தான். இந்தச் சட்டத்தில் ஆலை முதலாளியின் நாட்டைப் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை. முதலாளி யாராக இருந்தாலும், வேலையைத் தீவைவிட்டு வெளியே எடுத்தால் பெயர் போய்விடும். ஸ்காட்ச் விஸ்கியிலும் இதே ஏற்பாடுதான். 2009 விதிகளின்படி ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே குறைந்தது மூன்று வருஷம் மரப்பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். பிரான்சின் பெர்னோ ரிக்கார், ஜப்பானின் சன்டோரி போன்ற நிறுவனங்கள் வடிசாலைகளை வாங்கின. வடிசாலையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. டார்ட்டன் ஆலைக்கு அந்தக் கட்டு இல்லை. வெளிநாட்டு உடைமை பற்றிய கவலைக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: வாங்கியவர் பெயரை வைத்துக்கொண்டு நெசவை வேறிடத்துக்கு மாற்ற நினைத்தால் அவரைத் தடுக்கச் சட்டம் இல்லை. 'ஸ்காட்லாந்தில் நெய்தது' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். பிரிட்டனில் துணி கம்பளியா, அக்ரிலிக்கா என்ற இழை விவரத்தை ஒட்டுவது கட்டாயம். நாட்டின் பெயர் கட்டாயமில்லை.

ஆலையை வெளிநாட்டவர் வாங்குவதற்கு அரசின் முன் அனுமதியும் வேண்டியதில்லை. பிரிட்டனின் 2021 தேசியப் பாதுகாப்பு மற்றும் முதலீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சில துறைகளில் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. கம்பளி நெசவு அந்தப் பட்டியலில் இல்லை.

நடந்த கதைகளைப் பார்த்தால் படம் தெளிவாகும். ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் 1815-இல் தொடங்கிய பிரிங்கிள் என்ற பின்னலாடை நிறுவனத்தை 2000-இல் ஹாங்காங்கின் ஃபாங் குடும்பம் வாங்கியது. பெயருக்கு நிறையச் செலவழித்தார்கள், நவநாகரிகக் கடைகளில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2008-இல் ஹாவிக் ஆலையை மூடினார்கள். பெயர் பிழைத்தது, ஊரில் வேலை போனது. அதே ஹாவிக்கில் பேரி என்ற காஷ்மீர் கம்பளிப் பின்னலாடை ஆலை. அதன் தாய் நிறுவனமான டாசன் இன்டர்நேஷனல் 2012-இல் நொடித்தபோது, பேரியை பிரான்சின் ஆடம்பர ஆடை நிறுவனமான ஷனேல் வாங்கியது. ஷனேல் அந்த ஆலையிடம் கால் நூற்றாண்டாகப் பின்னலாடை வாங்கிவந்த வாடிக்கையாளர். ஆலை மூடினால் தன் சொந்த ஸ்வெட்டர்களைப் பின்னத் தரமான கைகள் கிடைக்காது என்பதால்தான் வாங்கியது. அந்த ஆலை நிலைத்தது. கின்ராஸில் உள்ள டாட் அண்ட் டங்கன் நூற்பாலையை 2009-இல் சீனக் காஷ்மீர் நிறுவனம் ஒன்று வாங்கியது. சாயமும் நூற்பும் லோக் லீவன் ஏரிக்கரையிலேயே தொடர்ந்தன. இவை பின்னலாடையும் நூலும் சார்ந்தவை, டார்ட்டன் அல்ல. ஆனால் எல்லாம் ஸ்காட்லாந்தின் ஜவுளித் தொழில் என்பதால் பாடம் பொதுவானது.

டார்ட்டனில் நேரடி உதாரணம் லோக்கேரன். 1892-இல் தொடங்கிய நிறுவனம் அது. இப்போது செல்கர்க்கில் இருக்கும் அந்த ஆலை, தென்கொரியாவின் ஈ-லேண்ட் குழுமத்தின் கைக்குப் போனது. ஈ-லேண்ட் 1980-இல் சியோலில் ஒரு சின்னத் துணிக்கடையாக ஆரம்பித்துப் பெரிய ஆயத்த ஆடைக் குழுமமாக வளர்ந்தது. கொரியாவிலும் ஜப்பானிலும் பள்ளிச் சீருடையில் டார்ட்டன் கட்டம் பரவலாக உண்டு. அந்த முதலீட்டாளருக்குக் கட்டத் துணி அந்நியமான சரக்கு இல்லை. ஆலைக்கு உலகின் பெரிய டார்ட்டன் நெசவாளர்களில் ஒன்று என்ற பெயரும் தொடர்ந்தது.

உள்ளூர்க்காரர் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஸ்டோர்னவே ஊரின் கென்னத் மெக்கன்சி ஆலையைப் பார்க்க வேண்டும். ஹாரிஸ் ட்வீடின் மிகப் பெரிய ஆலை. 2006 கடைசியில் வாங்கியவர் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜவுளித் தொழிலதிபர் பிரையன் ஹாகஸ். அதாவது அதே பிரிட்டன். ஏறத்தாழ 8,000 வடிவங்கள் இருந்த இடத்தில் நான்கே நான்கு போதும் என்றார். துணியை வெளியாருக்கு விற்பதை நிறுத்திவிட்டு, தானே ஆண்களுக்கான கோட் தைத்து விற்க முடிவு செய்தார். வடிவம் கேட்டு வந்த தையல் நிறுவனங்களுக்குத் துணி கிடைக்கவில்லை, தீவின் நெசவாளர்கள் வீட்டில் தறிகள் சும்மா நின்றன. 2007-இல் ஷாபோஸ்ட் ஊரில் மூடிக் கிடந்த ஆலையை வேறொரு குழு திறந்த பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. சட்டம் இருந்தும், முத்திரை இருந்தும், முதலாளி உள்நாட்டவராக இருந்தும் தொழில் சரிந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வணிக முடிவு: வகைகளைக் குறைத்தது.

டார்ட்டன் ஆலைக்கு உயிர் அந்த வகை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் போக வேண்டும்.

டார்ட்டன் 2/2 ட்வில் நெசவு. ஒவ்வொரு ஊடை இழையும் (குறுக்கே போவது) இரண்டு பாவு இழைக்கு (நீளவாக்கில் இருப்பது) மேலே, இரண்டுக்குக் கீழே போகும். அடுத்த ஊடை ஓர் இழை தள்ளிப் போகும். அதனால்தான் துணியில் 45 பாகைச் சாய்வில் கோடு ஓடுகிறது. நம் லுங்கிக் கட்டம் ஒன்றுவிட்டு ஒன்று ஏறும் சாதா நெசவு. அதில் இந்தச் சாய்வு இராது. பாவில் என்ன நிற வரிசையோ அதேதான் ஊடையிலும். ஆறு நிறம் இருந்தால் ஆறு தனி நிறமும் பதினைந்து கலவையுமாக 21 சாயல் துணியில் தெரியும். நிற வரிசை ஒரு முறை முழுதாக முடிவதை நெசவாளர்கள் 'செட்' என்கிறார்கள். கில்ட் துணியில் அது பொதுவாக 13 முதல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

இரட்டை அகலத் துணி சுமார் 150 சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு 18 இழை என்று வைத்துக்கொண்டால் பாவில் 2,700 இழை. அவற்றை நிறவரிசை பிசகாமல் பாவு ஓட்டி, உருளையில் சுற்றி, ஒவ்வோர் இழையையும் தறியின் விழுதுக் கண்ணியிலும் அச்சுச் சீப்பிலும் கோக்க வேண்டும், அல்லது முந்தைய பாவின் நுனியோடு பிணைக்க வேண்டும். இந்த ஆயத்த வேலைக்கு ஆகும் நேரம், எட்டு மீட்டர் நெய்தாலும் எண்பது மீட்டர் நெய்தாலும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்காட்லாந்தின் ஒரு குலத்துக்கு (கிளான்) உரிய டார்ட்டனை ஒரே ஒரு கில்ட்டுக்காகக் கேட்கும் வாடிக்கையாளரால் ஆலைக்கு லாபம் மிகக் குறைவு. ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததுதான் டார்ட்டன் சந்தை. ஒரு பெரிய குழுமம் தன் வழக்கமான கணக்குப்படி 'விற்பனையில் கீழ்ப்பாதி வகைகளை நிறுத்து' என்று உத்தரவு போட்டால், முதல் வருஷம் லாபம் கூடும். மூன்றாம் வருஷம், கில்ட் தைப்பவர்கள் எல்லா டார்ட்டனும் ஒரே இடத்தில் கிடைக்கும் வேறு ஆலைக்குப் போய்விட்டிருப்பார்கள். போன வாடிக்கையாளர் தன்னோடு நன்றாக விற்கும் டார்ட்டன்களின் ஆர்டரையும் எடுத்துக்கொண்டுதான் போவார்.

அடுத்தது வடிவப் புத்தகங்களும் சாயக் குறிப்புகளும். பானக்பர்ன் ஊரில் இருந்த வில்சன் நிறுவனம் 1819-இல் எழுதி வைத்த வடிவப் புத்தகம் இல்லையென்றால், இன்று பழங்காலத்தது என்று நாம் நினைக்கும் பல டார்ட்டன்களின் இழை எண்ணிக்கை யாருக்கும் தெரிந்திருக்காது. வெறும் எண்ணால் அறியப்பட்ட பல வடிவங்களுக்குக் குலப்பெயர் ஏறியதும் அந்தக் காலத்து ஆலை வணிகத்தில்தான். ஆகவே டார்ட்டனின் வரலாற்றில் ஆலையின் கோப்பு ஒரு பொதுச்சொத்தின் மதிப்பு உடையது. சட்டப்படி பார்த்தால் அது தனியார் உடைமை. ஓர் ஆலை நொடித்து, அதன் சொத்துகளைத் தனித்தனியாக விற்கும்போது தறி ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு, பெயர் ஒருவருக்கு, மாதிரிப் புத்தகங்கள் ஏலத்தில் இன்னொருவருக்கு என்று சிதறிவிடும். இழை எண்ணிக்கையைப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 'மாடர்ன்', 'ஏன்ஷன்ட்', 'வெதர்ட்' என்று ஒவ்வொரு ஆலையும் வைத்திருக்கும் நிறத்தொகுப்பின் சாயக் குறிப்பு அதில் கிடையாது. பதிவேடு 'பச்சை' என்று சொல்லும். எந்தப் பச்சை என்பது சாயப்பட்டறைக்காரரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அதனால்தான் ஒரே டார்ட்டனை இரண்டு ஆலைகளில் வாங்கிச் சேர்த்தால் நிறம் பொருந்துவதில்லை.

மூன்றாவது, நெசவுக்குப் பின் வரும் கைகள். தறியிலிருந்து இறங்கிய துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பார்த்து, அறுந்த இழை, விட்டுப்போன ஊடை, முடிச்சு எல்லாவற்றையும் ஊசியால் ஒவ்வோர் இழையாகத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய வருஷக்கணக்கில் பழக வேண்டும். பாவில் ஒரே ஓர் இழை தவறான நிறத்தில் ஏறிவிட்டால் அந்தப் பிழை துணியின் முழு நீளத்துக்கும் கோடாக ஓடும். அதை ஊசியால் மாற்றுவது நாள் கணக்கு வேலை. தறி நிற்கும்போதே ஓட்டுபவர் கண்டுபிடித்தால் சில நிமிஷம். கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கும் எந்த முதலாளியும் முதலில் கை வைப்பது இந்த மேசையில்தான். அது துணியில் உடனே தெரியாது. ஓய்வு பெறுபவர்களின் இடத்துக்கு ஆள் எடுக்காமல் விட்டால் போதும், பத்து வருஷத்தில் அந்தத் திறமை ஊரை விட்டே போயிருக்கும். பிறகு எவ்வளவு பணம் போட்டாலும் புதுத் தறி வாங்கலாம், அந்தக் கண்ணை வாங்க முடியாது. காலஷீல்ஸில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் ஜவுளித் துறை இருக்கிறது; வடிவமைப்பாளர்கள் அங்கிருந்து வருவார்கள். இழை திருத்துபவர்கள் ஆலைக்குள் பழக்கித்தான் வர வேண்டும்.

ஃபினிஷிங்கும் இதே அளவு முக்கியம். அலசுதல், சுருக்குதல், இழுத்துக் காயவைத்தல், மேலே நீட்டியிருக்கும் ரோமத்தைக் கத்தரித்தல், அழுத்துதல் என்று பல படிகள். எல்லா ஆலைகளிடமும் இந்த வசதி கிடையாது. பலர் கூலிக்குச் செய்து தரும் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட பட்டறைகள் இப்போது மிகக் குறைவு. பெரிய ஆலை ஒன்றின் முதலாளி ஃபினிஷிங்கை இத்தாலிக்கோ வேறெங்கோ மாற்றினால், பட்டறையின் வருமானம் சரிந்து, அதை நம்பியிருக்கும் சின்ன ஆலைகளும் சேர்ந்து தவிக்கும். வெளிநாட்டு உடைமை பற்றிப் பேசுபவர்கள் அந்த ஒரே ஆலையைப் பார்க்கிறார்கள். ஊரின் மொத்த வேலைச் சங்கிலியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு விஷயத்தில் மட்டும் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு வேண்டாம். கம்பளியும் ஸ்காட்லாந்து ஆடுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கில்ட் துணிக்கு வேண்டிய மெல்லிய, நீள இழைக் கம்பளி பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆடுகளுடையது. ஸ்காட்லாந்தின் பிளாக்ஃபேஸ் ஆட்டு ரோமம் முரடானது, கம்பளத்துக்குப் போகும். இது முதலாளி மாறுவதற்கு முன்பும் அப்படித்தான்.

இனி ஆலையின் நிலையை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். ஆலையின் இணையதளத்தின் அடியிலோ விலைப்பட்டியலிலோ சட்டப்படியான கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். வணிகப் பெயர் வேறாக இருக்கலாம், எண்ணைத்தான் நம்ப வேண்டும். அதை பிரிட்டனின் கம்பெனிப் பதிவு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் தளத்தில் போட்டுத் தேடுங்கள், இலவசம். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ உள்ளவர்களின் பதிவு 2016 முதல் கட்டாயம், அங்கே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் வெறும் இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர் இருந்தால், அதன் எண்ணை எடுத்து மறுபடியும் தேடுங்கள். இரண்டு மூன்று படி ஏறினால் தாய் நிறுவனம் வந்துவிடும். இல்லாவிட்டால் கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கைத் திறந்து, குறிப்புகளின் இறுதிப் பகுதிக்குப் போங்கள். கட்டுப்படுத்தும் நிறுவனம் எது, அது எந்த நாட்டில் பதிவானது என்று அங்கே எழுதியிருக்கும். உடைமை அடிக்கடி கைமாறும் தொழில் இது. செய்தித்தாளில் படித்த பழைய தகவலை விட இந்தப் பதிவை நம்புங்கள்.

அந்தக் கணக்கிலேயே ஆலையின் எதிர்காலமும் ஓரளவு தெரியும். சராசரித் தொழிலாளர் எண்ணிக்கையை நான்கைந்து வருஷத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். இயந்திரங்களில் புதிதாகச் சேர்த்த தொகை, தேய்மானத் தொகையை விடத் தொடர்ந்து மிகக் குறைவாக இருந்தால், தறிகளைத் தேய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். குழுமத்துக்குத் தர வேண்டிய கடன் வருஷா வருஷம் ஏறினால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: தாய் நிறுவனம் பணம் போட்டு ஆலையைத் தாங்குகிறது, அல்லது பெயர்ப் பயன்பாட்டுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று ஆலையின் தலையில் எழுதிக்கொண்டிருக்கிறது. எது என்பதை அந்தக் குறிப்பின் விவரம் காட்டும். தொழில் தொடர்ந்து நடக்குமா என்ற பகுதியில், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குத் தாய் நிறுவனம் ஆதரவுக் கடிதம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தால், ஆலை சொந்தக் காலில் நிற்கவில்லை, வேறு கண்டத்தில் கூடும் ஓர் இயக்குநர் குழுவின் முடிவில் நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அது உடனடி ஆபத்து இல்லை. ஆனால் தாய் நிறுவனம் தன் நாட்டில் சிரமத்தில் மாட்டினால் முதலில் விற்கப்படுவது இப்படிப்பட்ட தூரத்து ஆலைகள்தான். சின்னக் கம்பெனிகள் லாப நஷ்டக் கணக்கை வெளியிடாமல் சுருக்கமாகத் தாக்கல் செய்ய அனுமதி உண்டு. அப்போது சொத்துப் பட்டியலை மட்டும் வைத்துத்தான் பார்க்க முடியும்.

கடைசியாக ஒன்று, பலர் பார்க்கத் தவறுவது: வணிகச் சின்னம் யார் பெயரில் இருக்கிறது? பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகத் தளத்தில் ஆலையின் பெயரைத் தேடினால் தெரியும். பெயர் ஆலைக் கம்பெனியிடமே இருந்தால் நல்லது. முதலாளி மாறிய பிறகு பெயரைத் தாய் நிறுவனத்துக்கோ வேறு நாட்டு உடைமைக் கம்பெனிக்கோ மாற்றி எழுதியிருந்தால், ஆலை வெறும் கூலி நெசவாளராகிவிட்டது. நாளை ஆலையை மூடினாலும் பெயர் வியாபாரம் தொடரும். பிரிங்கிளில் நடந்தது போல, பெயருக்கு ஆலை தேவைப்படாமல் போகும் நாள் வரலாம். வெளிநாட்டு உடைமையில் எனக்குப் பயம் தரும் ஒரே அடையாளம் இதுதான். மற்றபடி முதலாளி ஆலையின் துணியைத் தானே பயன்படுத்துபவரா, பெயரை மட்டும் பயன்படுத்துபவரா என்று பாருங்கள். முன்னவர் எந்த நாட்டவராக இருந்தாலும் தறியை ஓடவிடுவார்.

தொழிலாளர் பக்கமும் ஒரு வார்த்தை. பங்குகளை வாங்கி ஆலை கைமாறினால் வேலை ஒப்பந்தம் அப்படியே தொடரும், ஏனென்றால் வேலை கொடுத்த கம்பெனி மாறவில்லை. நொடித்த ஆலையின் சொத்தையும் தொழிலையும் மட்டும் வாங்கினால் 2006-ஆம் ஆண்டின் தொழில் மாற்றப் பாதுகாப்பு விதிகள் வரும், ஆனால் திவால் நிலையில் அந்தப் பாதுகாப்பில் சில தளர்வுகள் உண்டு. ஓர் ஆலை 'காப்பாற்றப்பட்டது' என்ற செய்தி வந்தால், எத்தனை பேர் புதிய கம்பெனிக்கு வந்தார்கள் என்று பாருங்கள்.

துணிக்கு வருவோம். ஆர்டர் கொடுக்கும் முன் ஆலையிடம் நேராகக் கேட்க வேண்டியது: நூல் சாயம், நெசவு, இழை திருத்தம், ஃபினிஷிங் ஒவ்வொன்றும் எந்த ஊரில் நடக்கிறது? நல்ல ஆலை தயங்காமல் சொல்லும். 'ஸ்காட்லாந்தில் வடிவமைத்தது', 'ஸ்காட்டிஷ் பாரம்பரியம்' என்று சுற்றி வளைத்தால் நெசவு அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கேளுங்கள். கில்ட் துணியின் எடையை நீள கஜத்துக்கு அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள், சதுர மீட்டருக்கு அல்ல. 10-11 அவுன்ஸ் இலேசு. மடிப்பு நிற்காது, பாவாடைக்கும் ஸ்டோலுக்கும் பொருந்தும். 13 அவுன்ஸ் என்பது இரட்டை அகலத்தில் நீள மீட்டருக்குச் சுமார் 400 கிராம். வெப்பமான ஊரில் உடுத்தும் கில்ட்டுக்கு இதுவே போதும். 16 அவுன்ஸ், அதாவது சுமார் 500 கிராம், முழுக் கில்ட்டுக்கு உரியது. எட்டு கஜக் கில்ட் என்பது ஒற்றை அகலக் கணக்கு. இரட்டை அகலத் துணியில் நான்கு கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மடிப்புக்குள் மறையும்படி இணைப்பார்கள்.

கில்ட்டின் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. துணியின் கரையே விளிம்பு. ஆகவே கரை சுத்தமாக, குஞ்சம் இல்லாமல், கட்டத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். ஊடை நூலைச் சுமந்து நாடா இருபுறமும் ஓடும் பழைய தறியில் இது இயல்பாக அமையும். நாடா இல்லாமல் ஊடையைக் கம்பியால் இழுக்கும் ரேப்பியர் தறியில் ஒவ்வோர் ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படும் என்பதால், நுனியை உள்ளே மடித்து நெய்யும் இணைப்பு வேண்டும். 'கில்ட் கரை வேண்டும்' என்று ஆர்டரில் எழுதிவிடுங்கள். இரட்டை அகலத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டு கரையிலும் கட்டம் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி இணைக்கும்போது ஒரு பாதியின் கிடைக்கோடு மற்றதோடு சேராது.

கரை கீழே வருவதால் துணியின் நீளம் இடுப்பைச் சுற்றிப் போகிறது. ஊடைக் கோடுகள்தான் செங்குத்தாக நிற்கும். மடிப்பு வைப்பவர் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறக்குறைய ஒரு முழு செட்டை உள்ளே விட்டு, வெளியே கட்டம் தொடர்ந்து தெரியும்படி அமைப்பார். இங்கே ஊடை அடர்த்தி ஒரே சீராக இல்லாவிட்டால் வேலை கெட்டது. 270 இழை கொண்ட செட், சென்டிமீட்டருக்கு 18 இழையில் 15 சென்டிமீட்டர். அதே துணியின் இன்னொரு பகுதியில் அடி தளர்ந்து 17 ஆனால் 15.9 சென்டிமீட்டர். ஒரு செட்டுக்கே கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் தள்ளிவிடும். மாதிரித் துண்டு வந்ததும் ஸ்கேலை வைத்து ஒரு செட்டை பாவு வழியிலும் ஊடை வழியிலும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். முழுத் துணி வந்த பிறகு இரண்டு நுனியிலும் நடுவிலும் பத்து செட்டை மொத்தமாக அளங்கள். மூன்று அளவும் ஒத்துவர வேண்டும். ஊடைக் கோடு கரைக்குச் செங்குத்தாக இருக்கிறதா, நடுவில் வில்போல வளைகிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் காயவைக்கும்போது இழுப்பு சரியில்லை. வெட்டுவதற்கு முன் திருப்பி அனுப்ப வேண்டிய குறை அது, வெட்டிய பின் எந்த ஆலையும் ஏற்காது.

நிறத்தொகுப்பின் பெயரையும் ஆலையின் பெயரையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். கில்ட், தோளில் போடும் சால்வை, குழந்தைக்குப் பாவாடை என்று எல்லாவற்றுக்கும் வேண்டிய துணியை ஒரே ஆர்டரில், ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள், கூடவே பழுது பார்க்க அரை மீட்டரும். மறுமுறை அதே ஆலையில் கேட்டாலும் சாயம் ஒரு சாயல் தள்ளி வரலாம்.